127 பாகை காட்டினால் பயப்பட வேண்டுமா? – கணினி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியவை. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கணினிகளுக்கும் மூச்சு முட்டும். எல்லோரும் ஏதாவது ஒரு மென்பொருளைப் போட்டு எத்தனை பாகை என்று பார்க்கிறார்கள், பார்த்ததும் பயப்படுகிறார்கள், அல்லது எண்ணே வரவில்லை என்று எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களை மட்டும் இங்கே ஒன்றாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2025 ஒக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கு அப்டேட் வராது என்றதும் மகன் லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்துவிட்டு கட்டாருக்குப் போய்விட்டான். இன்டெல் ஐ3, கிகாபைட் மதர்போர்ட், பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு. முன்பு விண்டோஸில் ஃபேன் சுற்றும் வேகம் வரைக்கும் தெரியும். இப்போது சென்சர்ஸ் என்ற கட்டளையை அடித்தால் கோர் 0, கோர் 1 என்று இரண்டு வரியும், ஏசிபிஐ என்று ஒரு வரியில் 27.8 என்றும் மட்டும் வருகிறது. சென்சர்ஸ்-டிடெக்ட் ஓடவிட்டு எல்லாக் கேள்விக்கும் என்டர் தட்டினேன், ஒன்றும் மாறவில்லை. சென்சர் பழுதாகிவிட்டதா? – வாசகி, கல்லடி

பதில்: இல்லை டீச்சர், சென்சர் அப்படியே இருக்கிறது. அதனுடன் பேசத் தெரிந்த டிரைவர்தான் இன்னும் ஏறவில்லை. இதை ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்று விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகத் தீரும்.

உங்கள் கணினியில் வெப்பத்தை அளக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று புரொசசருக்கு உள்ளேயே இருப்பது. கோர் 0, கோர் 1 என்று வருவது அதுதான், அதைக் கோர்டெம்ப் என்ற டிரைவர் வாசிக்கிறது. இரண்டாவது, மதர்போர்டில் தனியாக ஒட்டப்பட்ட ஒரு கறுப்புச் சிப், சூப்பர் ஐஓ என்பார்கள். ஃபேன் வேகம், போர்டின் சூடு, வோல்டேஜ் எல்லாம் அதன் பொறுப்பு. உங்கள் காலத்துக் கிகாபைட் போர்டுகளில் பெரும்பாலும் ஐடிஇ கம்பெனியின் ஐடி8728எஃப் என்ற சிப்தான் இருக்கும். வேறு போர்டுகளில் நுவோட்டன் கம்பெனியின் சிப் இருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் சிப்பின் மேலே எழுத்து வடிவாகத் தெரியும்.

இப்போது அந்த என்டர் விஷயத்துக்கு வருவோம். சென்சர்ஸ்-டிடெக்ட் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடை எழுதியிருக்கும், எது பெரிய எழுத்தில் இருக்கிறதோ என்டர் தட்டினால் அதுதான் போகும். தொடக்கத்தில் வரும் கேள்விகளில் 'யெஸ்' பெரிய எழுத்தில் இருக்கும், அதனால் சிப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆனால் கடைசிக் கேள்வியை மட்டும் கொஞ்சம் நின்று வாசியுங்கள்: கண்டுபிடித்த டிரைவர்களின் பெயரை மொட்யூல்ஸ் என்ற கோப்பில் நான் எழுதட்டுமா என்று கேட்கும், அங்கே 'நோ' தான் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் என்டர் தட்டியதும், தேடிக் கண்டுபிடித்த அத்தனையையும் எழுதாமலே அது போய்விட்டது. எனக்கும் முதல் தடவை இதேதான் நடந்தது. ஆகவே திரும்ப ஓடவிட்டு, முன்னைய கேள்விகளுக்கு என்டர், கடைசிக்கு மட்டும் 'யெஸ்' என்று முழுதாக டைப் செய்யுங்கள். கட்டளைக்கு முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓடச் சொல்லும் சொல்) போட வேண்டும், சென்சர்ஸ் என்பதற்கும் டிடெக்ட் என்பதற்கும் இடையில் இடைவெளி இல்லாமல் ஒரு சிறு கோடு. பிறகு கணினியை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள்.

சென்சர்ஸ்-டிடெக்ட் ஓடும்போது திரையில் ஐடி8728எஃப் என்ற பெயரோடு 'சக்சஸ்' என்று ஒரு வரி வரும், பக்கத்தில் ஐடி87 என்று டிரைவரின் பெயரும் இருக்கும். அந்த வரியைக் கடதாசியில் எழுதி வையுங்கள். சில புதிய போர்டுகளில் டிரைவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'இனித்தான் எழுத வேண்டும்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் வரும். அப்படி வந்தால் சிப் இருக்கிறது, லினக்ஸுக்கு அதை இன்னும் தெரியாது என்று அர்த்தம். உங்கள் போர்ட் பழசு என்பதால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது என்று நம்புகிறேன்.

இவ்வளவும் செய்தும் ஃபேன் வேகம் வரவில்லையென்றால், டெர்மினலில் சுடோ மொட்புரோப் ஐடி87 என்று அடித்துப் பாருங்கள், மொட்புரோப் என்பது டிரைவரை ஏற்றும் கட்டளை. 'சாதனம் வேலையில் இருக்கிறது' என்ற மாதிரி ஒரு பிழை வந்தால் அதுதான் கிகாபைட் போர்டுகளில் அடிக்கடி காணும் இரண்டாவது சிக்கல். அந்தச் சிப்புடன் பேச இரண்டே இரண்டு வாசல்தான் இருக்கிறது. முதல் வாசலில் எத்தனையாம் பக்கம் வேண்டும் என்று சொல்ல வேண்டும், இரண்டாவது வாசலில் அந்தப் பக்கத்தில் உள்ள எண்ணை வாங்க வேண்டும். கணினி எழும்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளான பயோஸும் அதே சிப்பிடம் போகக் கூடியது. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் 12ஆம் பக்கத்தைத் திறந்து வாசிக்கப் போகும் நேரத்தில் மற்றவர் 40ஆம் பக்கத்துக்குப் புரட்டிவிட்டால் முதல் பிள்ளை என்ன வாசிக்கும்? பிழையான எண்ணைத்தான். எழுதுகிற நேரத்தில் அப்படி நடந்தால் இன்னும் மோசம், ஃபேனுக்கான கட்டளை வேறெங்கோ போய்ச் சேரலாம். அதனால்தான் பயோஸ் தனக்கென்று ஒதுக்கிய வாசலை லினக்ஸ் மற்ற டிரைவர்களுக்குத் திறப்பதில்லை.

இதற்கு இணையத்தில் எல்லோரும் சொல்வது, ஏசிபிஐ (பயோஸும் லினக்ஸும் பேசிக்கொள்ளும் முறை) போடும் இந்தக் கட்டுப்பாட்டை 'லக்ஸ்' என்று முழுவதுமாகத் தளர்த்திவிடுகிற, கேர்னல் எனப்படும் லினக்ஸின் மையப் பகுதிக்கான அமைப்பு. வேலை செய்யும்தான், ஆனால் ஒரு சிப்புக்காக எல்லா வாசலையும் திறந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. மின்ட் 22 போன்ற புதிய பதிப்புகளில் ஐடி87 டிரைவருக்கு மட்டும் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது: இக்னோர், ரிசோர்ஸ், கொன்ஃப்ளிக்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை அடிக்கோட்டால் இணைத்து, அதோடு ஒட்டி சமன் அடையாளமும் 1உம் போட்டு, மொட்புரோப் கட்டளையின் கடைசியில் சேர்த்து அடியுங்கள். வந்த எண்களை பயோஸின் பிசி ஹெல்த் பக்கத்தில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயோஸில் புரொசசர் ஓய்வெடுப்பதில்லை, அதனால் அங்கே சூடு சில பாகை கூடுதலாக இருக்கும், அது பரவாயில்லை. ஃபேன் வேகம் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சரி. இரண்டு மூன்று நாள் பார்த்து எண்கள் திடீர் திடீரென்று குதிக்கவில்லை என்றால் மட்டும் அதை நிரந்தரமாக்குங்கள். மகன் வீடியோ கோலில் இருக்கும்போது செய்தால் உங்களுக்கும் தைரியமாக இருக்கும்.

அப்புறம் அந்த 27.8. அதை நம்பவே வேண்டாம். ஏசிபிஐ வெப்பத்தைக் கெல்வினில் சொல்லும், 27.8 பாகை என்பது 301 கெல்வின். பயோஸ் எழுதியவர் உண்மையான சென்சரை இணைக்காமல் நிரந்தரமாக ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பகல் இரண்டு மணிக்குக் கல்லடியில் உங்கள் அறையே 33, 34 பாகையில் இருக்கும்போது அந்த அறைக் காற்றை ஊதித்தான் ஆறுகிற எந்தப் பாகமும் 27.8க்கு இறங்க முடியாது.

கேள்வி: நானா, விண்டோஸில் வெப்பம் பார்க்கும் மென்பொருளில் சிபியு 44, சிஸ்டம் 38, மூன்றாவதாக ஒன்று 127 என்று சிவப்பில் காட்டுகிறது. பழுது பார்க்கும் கடையில் காட்டினேன், மதர்போர்ட் எரியப்போகிறது, மாற்று என்கிறார்கள். வாப்பாவிடம் காசு கேட்கவே பயமாக இருக்கிறது. – வாசகர், காத்தான்குடி

பதில்: வாப்பாவிடம் கேட்க வேண்டாம் தம்பி. முதலில் 127 என்ற எண்ணையே பாருங்கள். மேலே சொன்ன சூப்பர் ஐஓ சிப்புகள் வெப்பத்தை எட்டு பிட்டில் வைத்திருப்பது வழக்கம், கூட்டல் கழித்தல் இரண்டுக்கும் இடம் கொடுத்தால் அதில் அடங்குகிற மிகப்பெரிய எண் 127. உங்கள் சிப்பில் மூன்று சென்சர்களை இணைக்க மூன்று கால்கள் இருக்கின்றன, போர்ட் செய்தவர்கள் இரண்டில் மட்டும் சென்சரைப் பூட்டிவிட்டு மூன்றாவதைச் சும்மா விட்டிருக்கிறார்கள். ஒன்றும் இணைக்காத காலை வாசித்தால் சிப் தன்னுடைய உச்ச எண்ணைச் சொல்கிறது. வேறு சில சிப்புகளில் இதே காரணத்தால் மைனஸ் 128 வரும், மைனஸ் 55 வரும். மைனஸ் 55 வந்தால் யாரும் பயப்படுவதில்லை, 127 வந்தால் மட்டும் கடைக்கு ஓடுகிறோம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. இரவு கணினியை நிறுத்தி, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். சுபஹு தொழுதுவிட்டு வந்து போடுங்கள், போட்டதும் நேராக பயோஸுக்குப் போங்கள். இரவு முழுக்க ஆறிப்போன இரும்பு அறைச் சூட்டில்தான் இருக்கும், ஆகவே புரொசசரைத் தவிர மற்ற உண்மையான சென்சர்கள் எல்லாம் அறைச் சூட்டிலிருந்து சில பாகைக்குள் நிற்கும். பிறகு விண்டோஸுக்குள் போய், ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் தகவலில் 194ஆம் வரியைப் பாருங்கள், அது டிஸ்க்கின் சூடு. ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்தில் அதுவே நல்ல தெர்மோமீட்டர். அது 29 சொல்லும் நேரத்தில் மூன்றாவது சென்சர் 127 சொன்னால், அது எதையும் அளக்கவில்லை. உண்மையாக 127 பாகை உள்ள இடத்தைக் கிட்டப்போய் மணந்தாலே தெரியும். அந்த வரியில் வலது பட்டனை அழுத்தி மறைத்துவிடுங்கள், பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி உண்டு.

போர்டை மாற்றச் சொல்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த 127 போர்டின் எந்த இடம்? காட்ட முடியவில்லை என்றால் காசு கொடுக்காதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே காரணத்துக்காக நல்ல போர்டைக் கழற்றி வீசியவர்கள் எழுதிய கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன.

கேள்வி: விண்டோஸுக்குள்ளேயே வெர்ச்சுவல் பொக்ஸ் என்ற மென்பொருளில் உபுண்டு லினக்ஸ் போட்டுப் படிக்கிறேன். சென்சர்ஸ்-டிடெக்ட் ஒன்றுமே இல்லை என்கிறது. – மாணவி, வந்தாறுமூலை

பதில்: சரியாகத்தான் சொல்கிறது தங்கச்சி. அந்த உபுண்டுவுக்கு முன்னால் இருப்பது மென்பொருள் செய்துகாட்டும் ஒரு பொய் மதர்போர்ட், அதற்குச் சூடு கிடையாது. உண்மையான எண் வேண்டுமென்றால் வெளியே உள்ள விண்டோஸில் பாருங்கள், அல்லது உபுண்டுவைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். மடிக்கணினி என்றால் அப்போதும் கோர் வரிகளோடு நின்றுவிடலாம், ஏனென்றால் பல மடிக்கணினிகளில் ஃபேனைப் பார்த்துக்கொள்வது வேறொரு சிப். அங்கே சந்தேகமான கேள்விகளுக்கு 'நோ' சொல்வது நல்லது. முன்னொரு காலத்தில் இப்படித் தேடப்போய் சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளின் நினைவகச் சிப் கெட்டுப்போன வரலாறு உண்டு.

கேள்வி: இத்தனை நாளும் பாவித்த வெப்பமானி மென்பொருளை விண்டோஸ் டிஃபெண்டர் இப்போது ஹேக்கிங் கருவி என்று பிடித்து அழிக்கிறது. டிஃபெண்டரை நிறுத்திவிடலாமா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நிறுத்த வேண்டாம். புரொசசருக்குள் இருக்கும் சென்சரைச் சாதாரண மென்பொருளால் தொட முடியாது, கேர்னலுக்குள் போகிற டிரைவர் ஒன்று வேண்டும். அதற்காகப் பல இலவச மென்பொருள்கள் வின்ரிங்0 என்ற ஒரே டிரைவரைப் பல வருடமாகப் பங்கிட்டுப் பாவித்து வந்தன. அந்த டிரைவர் யார் கேட்டாலும் கதவைத் திறந்துவிடும், அதுதான் ஓட்டை. 2020இலேயே அது பதிவாகிவிட்டது, 2025 மார்ச்சிலிருந்து டிஃபெண்டர் அதைப் பிடிக்கத் தொடங்கியது. உங்கள் மென்பொருளை எழுதியவர் கெட்டவர் அல்ல, ஆனால் எச்சரிக்கை நியாயமானது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், அல்லது சொந்த டிரைவர் வைத்திருக்கும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவுக்கு மாறுங்கள். டிஃபெண்டர் அழித்த பிறகு 'சென்சர் காணவில்லை' என்று அந்த மென்பொருள் சொன்னால் காரணம் இதுவே, வன்பொருளில் தேட வேண்டாம்.

கேள்வி: ஃபேன் 0 ஆர்பிஎம் என்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் சுற்றுகிறது! – வாசகர், கல்முனை

பதில்: ஃபேனிலிருந்து எத்தனை வயர் வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் அது மின்சாரம் வாங்க மட்டும்தான். வேகத்தைச் சொல்வது மூன்றாவது வயர். பவர் சப்ளையின் வயரில் நேராகக் கொழுவியிருந்தாலும் போர்டுக்கு ஒன்றும் தெரியாது. மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் மூன்று அல்லது நான்கு வயர் ஃபேனைப் பூட்டினால் எண் வந்துவிடும்.

கேள்வி: ரைசன் 7 1700எக்ஸ் பழசாக வாங்கினேன். எதுவும் செய்யாமல் இருக்கும்போதே ஒரு மென்பொருள் 58 என்கிறது, இன்னொன்று 38 என்கிறது. எது சரி? – வாசகர், அம்பாறை நகர்

பதில்: 38. இது போன்ற சில ரைசன் புரொசசர்களுக்கு ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்காக ஏஎம்டி வேண்டுமென்றே 20 பாகையைக் கூட்டிச் சொல்ல வைத்திருக்கிறது. 1800எக்ஸுக்கும் அப்படியே, 2700எக்ஸுக்கு 10 பாகை, எக்ஸ் இல்லாத 1700க்குக் கூட்டல் இல்லை. லினக்ஸில் பார்த்தால் டிசிடிஎல், டிடை என்று இரண்டு வரி வரும், இரண்டாவதுதான் உண்மைச் சூடு.

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நூறு யார்தான் இருக்கும். இன்டெல் ஐ5 பிசி. திறந்ததும் 45 பாகை, ஒரு வீடியோ எடிட் செய்யத் தொடங்கினால் மூன்று நான்கு செக்கனில் 96, நிறுத்தினால் உடனே 50. இவ்வளவு வேகமாக எந்தப் பொருளும் சூடாகுமா? உப்புக்காற்றில் சென்சர் பழுதாகியிருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – வாசகர், திருக்கோவில்

பதில்: இந்த முறை வந்த கடிதங்களில் சென்சரை நம்ப வேண்டியது உங்களுடையதுதான் தம்பி. இன்டெல்லின் சென்சர் சிலிக்கனுக்குள்ளேயே இருக்கிறது, உப்புக்காற்று அங்கே போகாது. அது நேரடியாகப் பாகையைச் சொல்வதுமில்லை, ஆபத்து எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எல்லை 100 என்றால், 4 பாகைதான் மிச்சம் என்று அது சொல்ல, மென்பொருள் கழித்து 96 என்று எழுதுகிறது. எல்லைக்குக் கிட்டத்தான் அது மிகச் சரியாக அளக்கும், கீழே 30, 35 என்று வரும்போதுதான் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

மூன்று செக்கனில் ஏறுகிறது என்று எழுதினீர்களே, நோயைச் சொல்வது அதுதான். தூசி அடைத்திருந்தால் சூடு மெல்ல மெல்ல, ஐந்து பத்து நிமிடம் எடுத்து ஏறும், நிறுத்தினாலும் மெல்லத்தான் இறங்கும், ஏனென்றால் புரொசசரின் மேலே இருக்கும் கூலரின் அலுமினியக் கட்டி முழுவதும் சூடாக வேண்டும். செக்கனில் ஏறி செக்கனில் இறங்கினால், புரொசசரின் சூடு அந்தக் கட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. ஏறியிருக்கும் நேரத்தில் கூலரின் அலுமினிய விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள், ஃபேனில் கை படாமல் கவனம். திரையில் 96, விரலுக்குக் குளிர்ச்சி என்றால் கூலர் புரொசசரின் மேலே வடிவாக அமரவில்லை.

இன்டெல்லோடு வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் போர்டில் குத்திப் பூட்டியிருப்பார்கள். என் மேசையில் ஒருமுறை இதே மாதிரி ஒரு பிசி வந்தது. மேலேயிருந்து பார்த்தால் நான்கும் இறுகியிருக்கிற மாதிரியே இருந்தது. போர்டைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தபோதுதான், மூன்று துளைகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் இரண்டாக விரிந்து பிடித்திருக்க, நான்காவதில் அது விரியாமல் நுனி மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு மூலை கடதாசித் தடிப்பளவு தூக்கியிருந்தது, அவ்வளவுதான். புரொசசருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் அந்தப் பக்கம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

ஆகவே நிறுத்தி, வயரைக் கழற்றி, நான்கு ஊசியையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்துக் கூலரை எடுங்கள். பழைய பேஸ்டை ஃபார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு கடலைப் பருப்பளவு போதும். பூட்டும்போது ஊசிகளை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் டிக் என்று சத்தம் கேட்கும், கேட்காவிட்டால் அது இறங்கவில்லை. பிறகு போர்டின் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கூலரைக் கழற்றிய கையோடு அதன் இடுக்குகளில் உள்ள தூசியைப் பழைய பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள், கடற்கரை வீடுகளில் அது வெறும் தூசியாக இருக்காது, உப்பு ஈரத்தோடு சேர்ந்து களிமண் மாதிரிப் பிடித்திருக்கும். காற்றால் ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு அதே வீடியோவை அதே எடிட்டரில் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு என்ன எண் வருகிறது, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.